நாலாவது பறவை

பழைய பின்பால் விளையாட்டு மெஷினின் மரப்பெட்டியை வெறும் மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாள் பெயிண்டர். உரிமைக்காரப் பெரியம்மா தந்த போட்டோவைப் பார்த்து, ஸ்டென்சில் அட்டையில் மூன்று பறவைகளை வெட்டி, நீல பெயிண்ட் அடித்தாள். அட்டையை எடுத்தபோது பெட்டியில் நான்கு பறவைகள் இருந்தன. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று ஓட்டைகள்தான்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மா, பெட்டியில எத்தன பறவை?"

"மூணுதாம்மா. நாங்க நாலு பிள்ளைங்கன்னு அப்பா நாலு வரைஞ்சிருந்தார். தம்பி வீட்டை விட்டுப் போனப்ப, அவரே ஒண்ணச் சுரண்டிட்டார். ஏன் கேக்குற?"

பெயிண்டர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். 

"அது எந்தப் பக்கம் பறக்குது?"

குனிந்து பார்த்தாள்.

"மத்த மூணும் போற பக்கம்தான். கொஞ்சம் பின்னாடி வருது."