சத்தமே இல்லாத வண்டி

"இன்னொரு தடவை முறுக்குங்க தங்கச்சி."

அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். நாலு சக்கர பைக் நின்ற இடத்திலேயே உறுமியது. பின்சக்கரங்கள் ஜாக்கியில் அந்தரமாகச் சுற்றின.

அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆக்சில் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்திருந்தான்.

நாலாவது முறையாகக் கேட்கிறான்.

என்ன சத்தம் என்று அவனுக்கு முதல் முறையிலேயே தெரியும். கேட்பதற்கு முன்பே தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் வரை வாய் திறக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குக் கடையில் கிரவுன் என்று பெயர். அதன் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. புரோக்கர் சவரிமுத்து வண்டியை விற்கக் கொண்டுவந்த அன்றே தேய்ந்துதான் இருந்தன. அன்று இவன்தான் மரத்தூளையும் கிரீஸையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, உள்ளே அடைத்து மூடினான்.

மலையில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். தேய்ந்த பல்லுக்கு நடுவில் தூள் போய் மெத்தையாக உட்கார்ந்துகொள்ளும். வண்டி பரம சாதுவாகிவிடும்.

வாங்க வந்தவள் இவனிடமே கேட்டாள். "நல்லாருக்காண்ணே?"

இதே ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டு, சத்தமே இல்லை என்றான்.

அது பொய்கூட இல்லை.

"போதும். ஆஃப் பண்ணுங்க."

அவள் ஆஃப் செய்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ஏத்தத்துல சத்தம் இல்லண்ணே. எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா முனகுது. அவரு பின்னாடி உக்காந்தா மட்டும் கடகடங்குது. தனியா வந்தா இல்ல."

இதைவிடச் சரியாக அவனாலும் சொல்ல முடியாது.

"அவருன்னா?"

"வீட்டுக்காரருதான். கிட்னி போயிருச்சு. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எங்க மேட்டுக்கு ஜீப்பு வராதுல்ல, அதுக்குத்தான இந்த வண்டியே வாங்குனது. எறங்கும்போது என் முதுகுல சாஞ்சே வருவாரு. சத்தம் கேட்டா முழிச்சு, மெதுவாப் போடிம்பாரு."

அவன் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

மூலையில் மரத்தூள் மூட்டை சாய்ந்து நின்றது. பேரிங் போயிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் புதிதாக அடைத்துவிடலாம். சத்தம் நின்றுவிடும். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். அவனுக்கும் அலுப்பாக இருந்தது. காலையில் இருந்து மூன்று ஜீப்புக்கு அடியில் கிடந்த முதுகு. ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கலாம்.

பல் உடைந்தால் சக்கரம் இறுகும். இறக்கத்தில் இறுகினால் வண்டி புரளும்.

முதுகில் சாய்ந்து வருகிறவன் எதையும் பிடித்திருக்க மாட்டான்.

அவன் ஸ்பேனரை எடுத்துப் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினான். எண்ணெய் வரவில்லை. கறுப்பாக ஒரு கட்டி பிதுங்கி அவன் நெஞ்சில் விழுந்தது. இரும்புத் துகள் மினுக்கியது.

அதோடு வெளியே வந்து, அவளிடம் நீட்டினான்.

அவள் விரலில் தேய்த்துப் பார்த்தாள். மோந்தாள்.

"மரத்தூளு மாதிரி இருக்கு. இது எப்படிண்ணே உள்ள போகும்?"

"அடைச்சாத்தான் போகும்."

"எந்தப் பாவி..."

"நான்தான்."

அவள் விரலைப் புடவையில் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்தினாள்.

ரோட்டில் ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்னு நெனச்சு அடைச்சீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நாலு மாசம்."

அவள் வண்டியை வாங்கியது தை மாதம். இப்போது வைகாசி.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பின்சீட்டில் கட்டியிருந்த தலையணையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. உதவிக்கு அவன் கை நீண்டது, பாதியில் திரும்பிவிட்டது.

"புது கிரவுன் கோயம்புத்தூர்ல இருந்து வரணும். பத்து நாளாகும். நான் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் இதுல ஏறாதீங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவமானமாக இருந்தது. மரத்தூள் மூட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்துச் சொன்னாள், அவனைப் பார்த்து இல்லை.

"கம்புல தூளி கட்டித் தூக்கித்தான் அவர எறக்கணும். விடிய அஞ்சு மணிக்குக் கெளம்பணும். நாலு பேரு வேணும். மேல மூணு ஆம்பளைதான் இருக்காங்க."

வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மேட்டுக்கு நடந்து ஏற மூன்று மணி நேரம் ஆகும்.

அவன் கையைக் கழுவினான். பிறகு, பட்டப்பகலில், கடை ஷட்டரை இறக்கினான்.