மூணு மணி ஜெயம்

“மணி மூணு ஆயிடுச்சுண்ணா. வூட்டுக்கு இன்னும் அட்டென்டன்ஸ் குடுக்கலையா?”

மல்லாட்டை மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிக்கொண்டே கிருஷ்ணசாமி கண்ணடித்தான். திண்டிவனத்தில் அந்த வேர்க்கடலை மண்டிக்கே தெரிந்த விஷயம்தான். எடை போடும் தேவசகாயம் தினமும் மத்தியானம் மூணு மணிக்கு, விழுப்புரத்தில் இருக்கும் மனைவி ஜெசிந்தாவுக்கு போன் செய்தாக வேண்டும்.

தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்ததும் “ஜெயம்” என்றார். அங்கிருந்தும் “ஜெயம்” என்று பதில் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“வர்ற திங்கக்கிழமையோட நூறு நாளுப்பா,” என்றார்.

“சந்தோசம்ணா. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. தப்பு பண்ண ஆளு டச் போன விட்டது சரி. அண்ணியோட போனையும் சேத்து ஏன் வித்தீங்க? பாவம், அவங்களுக்கும் எதுக்கு இந்த டப்பா போனு?”

“ஒரு வூட்ல ஒருத்தருக்குப் பத்தியம்னா, இன்னொருத்தர் எதிர்ல ஒக்காந்துக்கினு மீன் கொழம்பு ஊத்திச் சாப்புடலாமாப்பா? ரெண்டு பேருமே பத்தியம் இருந்தாதான் லேசா இருக்கும்.”

“வாய் இருக்குதுண்ணா உங்களுக்கு!” கிருஷ்ணசாமி சிரித்துக்கொண்டே அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

நூறு நாளைக்கு முன்னால் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கெல்லாம் ஆரம்பம். விழுப்புரம் சபையில் பாஸ்டர் அன்று செல்போன் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

“முழுசா அம்மணம் இல்லையே, பாதிதானேன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. படுக்கையறைய காட்டியே ஓட்டுற தொடரு, அரைகுறை டிரஸ்ஸு வீடியோ, இதுவும் மனசத் தின்னுடும். தனியா போராடுனா தோத்துதான் போவீங்க. இருட்டுல ஒளிச்சு வெச்சத வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. உங்க வூட்ல இந்தப் பாவக் கட்டு இருந்தா முன்னால வாங்க, கை வெச்சு ஜெபம் பண்றேன்.”

ஊரறிய எழுந்து போக யாருக்கு மனசு வரும்? அப்போதுதான் ஆண்கள் பக்கத்திலிருந்து தேவசகாயம் கிட்டத்தட்ட ஓடிப்போய் பாஸ்டர் முன்னால் மண்டியிட்டார். “எங்க வூட்டுக்காக ஜெபம் பண்ணுங்கய்யா,” என்றதோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் பக்கத்தில் ஜெசிந்தா எழுந்து நின்றபடி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததைச் சபையே பார்த்தது. பார்த்தவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் செய்தி ரயிலேறி மண்டி வரைக்கும் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. முதல் வாரம் தேவசகாயம் வெட்கத்தில் கூனிக் குறுகித்தான் போனார். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் நாலு பேர் சிரித்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். அவருடைய கவலையெல்லாம் மூணு மணியைப் பற்றித்தான். மத்தியான வேளையில்தான் மனசு அலையும் என்று பாஸ்டர் சொல்லிக் குறித்த நேரம் அது. அன்றைக்கு மனசு தோற்கவில்லை என்பதற்கு அடையாளம்தான் “ஜெயம்”. இரண்டே இரண்டு நாள் அந்த “ஜெயம்” தொண்டையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு நாளும் தேவசகாயம் மண்டியை அப்படியே போட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு ஓடினார். புருஷனும் பெண்டாட்டியும் முழங்காலில் நின்று ஜெபம் செய்த பிறகுதான் மூச்சே சீரானது.

நூறு நாளும் முடிந்தது. அடுத்த ஞாயிறு சபையில் பாஸ்டர் அதைச் சொன்னதும் ஸ்தோத்திரமும் கைதட்டலும் கூரையைப் பிளந்தன. தேவசகாயம் சந்தோஷமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாஸ்டரம்மா ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ பொறுமைசாலிம்மா. இன்னொருத்தியா இருந்தா பொட்டியத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிருப்பா. நீ அவர மன்னிச்சு, கூடவே நின்னு கரை சேத்துட்டியே!”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். “இல்லீங்கம்மா, அது வந்து... நான்...”

“ஜெசி, ஜல்தி வா! கறி வாங்கணும்னு சொன்னியே!” தேவசகாயம் அவசரமாக வண்டியை உதைத்தார்.

பாலம் தாண்டியதும் ஜெசிந்தா அவர் தோளைத் தட்டினாள்.

“வண்டிய ஓரங்கட்டுங்க.”

நிறுத்தினார். அவள் இறங்கி எதிரே வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

“இன்னும் எத்தினி நாளைக்கு என் வாய அடைப்பீங்க? மத்தியானத்துல தனியா ஒக்காந்துக்கினு அந்தக் கண்றாவியெல்லாம் பாத்தது நானு. மொத நாள் உங்ககிட்ட அழுதுக்கினே ஒத்துக்கினதும் நானு. அன்னிக்கு சபையில முன்னால போவணும்னு மொதல்ல எழுந்ததும் நான்தான். நான் ஒரு அடி எடுத்து வெக்கிறதுக்குள்ள நீங்க எதுக்குங்க ஓடுனீங்க?”

“ஆம்பளைன்னா நூறு நாள்ல கை தட்டிடுவாங்க, பொம்பளைன்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்கன்னுதான்,” என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார் தேவசகாயம். “ஏறி ஒக்காரு, கறிக்கடையில கூட்டம் சேந்துடும்.”