ஆம்பிளை இல்லாத வீடு

மாதா கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட றொசாந்தி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். பெண்கள் அடைக்கல இல்லத்துப் பொறுப்பாளர் அற்புதராணிக்கு அங்கேயே பொறிதட்டியது. புருசன் உதைத்து, வயிற்றுப் பிள்ளையையும் பறிகொடுத்து, செத்துப் பிழைத்து இல்லத்துக்கு ஓடிவந்தவளுக்குப் பவுடர் கேட்கிறதோ?

பின்னாலேயே போய்ப் பார்த்தால், அவள் கோயிலைத் தாண்டி நேரே கிளினிக்குக்குள் நுழைகிறாள். அற்புதராணியும் ஓசைப்படாமல் போய்க் கதவோரம் காதைக் கொடுத்தாள்.

"மிஸ்ஸி, பிள்ளை தங்காமல் இருக்க ஊசி போடுவினமாம். எனக்கும் போட்டு விடுங்கோ. இனி ஒண்டு தங்கினால் நான் செத்துப் போவன்."

தாதி மிஸ்ஸி ஊசி எடுக்கத் திரும்பினாள். அற்புதராணி உள்ளே பாய்ந்தாள்.

"போடாதேங்கோ மிஸ்ஸி! உவள் எங்கடை இல்லத்துப் பிள்ளை."

"அவ கேட்டால் நான் போடுவன். வேறை ஆரின்ரை சம்மதமும் தேவையில்லை."

"எங்கடை இல்லத்திலை மருந்துக்கும் ஒரு ஆம்பிளை இல்லை. பிறகு என்னத்துக்கு உவளுக்கு ஊசி?"

வரிசையில் இருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். றொசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

அற்புதராணி கெட்டவள் இல்லை. அடிபட்டு வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, காயத்துக்கு மருந்து கட்டி, ஒரு குடும்பத்தையும் உடைய விடாதவள் என்று பெயரெடுத்தவள். என்ன, நாலு பேரின் வாய்க்குப் பயப்படுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ என்ரை பொறுப்பு. அதுக்குள்ளை ஒரு பழி பாவம் வந்தால் நான் என்னெண்டு ஃபாதருக்கு முகம் குடுக்கிறது? கள்ளி! கோயிலைச் சாட்டிக்கொண்டு இஞ்சை வந்து நிக்கிறியே!"

"சொன்னால் விடமாட்டியள் அன்ரி. அதுதான் பொய் சொன்னனான்."

"விடுவனோ? ஆரடி அவன்? பேரைச் சொல்லு!"

அற்புதராணி றொசாந்தியின் தோளைப் பிடித்து உலுப்பினாள். ஏற்கெனவே முறிந்து பொருந்திய தோள் அது. வலியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொல்லடி! ஆரவன்?"

"சூசைதாசன்."

அற்புதராணியின் கை தளர்ந்தது. "அது உன்ரை புருசன் எல்லோ!"

"ஓம் அன்ரி. வெள்ளிக்கிழமை என்னை அவரோடை அனுப்பப் போறது நீங்கள்தானே?"