தொட்டியில் தங்கியது

எல்லையை எங்கே போடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

பதினொரு சோதனைகள். மூன்று எஞ்சின்கள். ஒப்பீட்டு அட்டவணையில் முதலில் நிற்பது செயற்கைக்கோளில் ஏறும்.

எந்தச் சோதனையைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதிகம் பேசாத பெண், நியாயமாகச் செய்வாள் என்று.

ஒரு எஞ்சின் அவளுடையது. இன்னொன்று ஜெசிந்தாவுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே அறையில் தங்குகிறவர்கள். மூன்றாவது, இவர்கள் வருவதற்கு முன்பே செய்த பழைய எஞ்சின்.

ஜெசிந்தாவின் சிறந்த சோதனையில் உந்துவிசை நாற்பத்தொன்று.

அவளுடையதில் முப்பத்தெட்டு.

மூன்று வாரமாகப் பல் தேய்க்கும்போதுகூட அந்த நாற்பத்தொன்று வந்து நின்றது. அன்று எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

எஞ்சின் கக்கும் செனான் வாயுவைச் சோதனைத் தொட்டியிலிருந்து பம்ப் முழுக்க உறிஞ்சிவிடாது. கொஞ்சம் தங்கும். தங்கியது எஞ்சினுக்கே கள்ளத்தனமாகக் கைகொடுக்கும். விண்வெளியில் அந்தக் கை இருக்காது. அதனால், வாயு அதிகம் தங்கிய சோதனைகளை ஒதுக்க வேண்டும்.

ஜெசிந்தாவின் சோதனையில், தங்கிய வாயுவை அளக்கும் கேஜ் காட்டியது ஐந்து.

அவளுடையதில் நாலு.

நாலரையில் எல்லையைப் போட்டால் ஜெசிந்தா வெளியே, அவள் உள்ளே.

பார்க்கிற எவருக்கும் புரிந்துவிடும்.

இரண்டு என்று தட்டினாள். கடுமையான எல்லை. யாரும் குறை சொல்ல முடியாதது.

இருவருடைய வரிகளும் சாம்பல் நிறமாயின. பழைய எஞ்சின் மேலே வந்தது.

வயிறு குளிர்ந்தது. தன்னுடையதும் போனது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஜெசிந்தா பின்னால் வந்து நின்று படித்தாள்.

“ரெண்டா? சரிதான். என்னோடது போவ வேண்டியதுதான், அன்னைக்கு பம்ப் மக்கர் பண்ணிச்சுல்லா.” பிறகு குரல் உயர்ந்தது. “ஏட்டி, ஒன்னோடதையும் தூக்கிட்ட! கூறு இருக்கா ஒனக்கு? தள்ளு.”

பாதி நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அந்த கேஜ் நைட்ரஜனுக்கு உள்ளது. செனானை மூணு மடங்கு கூட்டில்லா காட்டும். வகுக்க மறந்துட்டியே, லூசு.”

அவளுடைய வரியில், நாலை மூன்றால் வகுத்தாள் ஜெசிந்தா. ஒன்று புள்ளி மூன்று.

முப்பத்தெட்டு கறுத்தது. மேலே ஏறி, முதலில் நின்றது.

“பறக்கப் போறட்டி நீ!”

தோளில் ஓர் அடி விழுந்தது. வலித்தது.

ஐந்தை மூன்றால் வகுத்தால் ஒன்று புள்ளி ஏழு. அதுவும் இரண்டுக்குள்தான். அவள் மனம் அதை எப்போதோ வகுத்து முடித்திருந்தது.

ஜெசிந்தாவின் கண் முதல் வரியை விட்டு இறங்கவில்லை. அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பிரட்டுமா?”

திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், நாற்பத்தொன்று.

“ம்” என்றாள்.

ஜெசிந்தாவே அழுத்தினாள்.