வீட்டில் வசிப்போர் மூன்று

புளியங்கூடல் வீட்டில் அன்று காலை இருந்தவர்கள் கதிர்காமு, மனைவி அம்பிகை, இடிதாங்கி தேவையா என்று மடிக்கணினியில் மதிப்பிட வந்த பொறியியலாளர் நிருஜா.

“இடி விழுற அளவுக்கு எங்கட குடும்பம் ஒரு பாவமும் செய்யேல்லை, பிள்ளை,” என்றார் கதிர்காமு.

வீட்டில் வசிப்போர் இரண்டு என்று நிருஜா பதிந்தாள். திரையில் மூன்று என்று நின்றது. அழித்துப் பதிந்தாள். மறுபடியும் மூன்று.

“ரெண்டு பேரெண்டால் தேவையில்லை, ஐயா. மூண்டெண்டால் கட்டாயம் போடவேணும்.”

“மூண்டெண்டே இருக்கட்டும்,” என்றாள் அம்பிகை. கதிர்காமு எழுந்துபோய் இடிதாங்கி பூட்டக் கூரையில் இடம் காட்டினார்.

ஐப்பசி மழையில் இடி இறங்கி இடிதாங்கியின் முனை உருகிப்போனது. மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு மூன்றாவது கதிரையை இழுத்துவைத்த கதிர்காமு, “பெரிய உபகாரம்,” என்று அந்த வெறுங்கதிரையிடம் சொன்னார்.

அந்த வீட்டில் இடி விழவில்லை என்று பக்கத்து வேலணையில் கதைக்கிறார்கள். கதிர்காமுவே அதைத் திருத்துகிறார்.

“விழுந்தது. மூண்டு பேருக்கும் ஒண்டுமில்லை.”