கீழ்வீட்டுக் கொப்பி

"இண்டைக்கும் எழுதுறா," என்றாள் சிவரஞ்சினி, குசினி யன்னல் திரையை ஒரு விரலால் விலத்திக்கொண்டு.

"ஆர்?" சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த துஷ்யந்தன் நிமிரவில்லை. உணவக வேலைக்கு நேரமாகிவிட்டது.

"வேறை ஆர்? கீழ்வீட்டுக் கமலராணி அன்ரிதான். எங்கட மகள் வாசிக்கத் தொடங்கினவுடனை யன்னலுக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொண்டு குந்திடுவா. கையிலை கொப்பி. அப்பிடி என்னத்தை எழுதுறா?"

"நேரை கேளன்."

"கேட்டால் சொல்லுவாவோ? பெட்டிசத்துக்குக் குறிப்பெடுக்கிறா."

பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதுகிற முறைப்பாட்டைத்தான் எங்கட ஆக்கள் பெட்டிசம் என்பார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது காணி உறுதியை மறந்தவர்கள்கூட இந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாகப் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

சிவரஞ்சினியின் பயத்திலும் நியாயம் இருந்தது. எட்டு வயது மிருணாளினிக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, அவள் வாயே திறக்காமல் போய்விட்டாள். எத்தனையோ பத்திரம் நிரப்பி, ஒரு வருசம் வீட்டில் வைத்துப் படிப்பிக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். இனிக் கல்வி இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் பிள்ளை திரும்பவும் அதே வகுப்புக்குத்தான்.

முதலில் சிவரஞ்சினி கட்டுக்கட்டாகப் புத்தகம் வாங்கினாள். மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளைக்குக் கொட்டாவி. தூக்கி மூலையில் போட்டுவிட்டுத் தானே பாடம் செய்தாள். இரண்டாம் இலக்க மெட்ரோ தரிப்பிடங்களை வைத்து வாசிப்பு. கறித்தூள் பைக்கற்றுகளின் எடையை வைத்துக் கணக்கு. மரக்கறிக் கடையில் கேட்டு வாங்கிய ஐந்து வாழைக்காய்ப் பெட்டிகளில் திங்கள், செவ்வாய் என்று ஒட்டி, அன்றன்றைய பாடத்தை அதற்குள் அடுக்கினாள். பிள்ளை எழும்பியதும் பெட்டியைத் திறக்க ஓடிவருவாள். இதை ஒரு பெட்டிசம் கெடுத்தால் வயிறு எரியாதா?

கமலராணியும் சும்மா கிடக்கிற ஆளில்லை. விடியப்புறம் போய் அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவா. படிக்கட்டில் கண்டால் விசாரணைதான்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன பிந்தித் தொடங்கினனீர்?"

"நேற்று சொல்வதெழுதல் நடக்கேல்லை என்ன?"

"இன்ஸ்பெக்டர் எப்ப வாறாராம்?"

"ஏன் அன்ரி, நீங்களும் வந்து படிக்கப்போறியளோ?" என்று ஒருநாள் சிவரஞ்சினி சுடச்சுடக் கேட்டுவிட்டாள். கமலராணியின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

அடுத்தது கடதாசித் தொட்டி விசயம். கழித்த பயிற்சித் தாள்களைப் படிக்கட்டடியில் இருக்கிற அந்தத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கமலராணி அதுகளை எடுத்து, நீவி, மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறா!

"அத்தாட்சி சேர்க்கிறா," என்றாள் புருசனிடம்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முந்தி கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "உங்களைப் பற்றி உங்கள் கட்டிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. நேரில் பேசுவோம்."

"பாத்தியளே? நான் சொன்னனானெல்லே!"

"என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாமல் குதியாதையப்பா," என்றான் துஷ்யந்தன்.

"நான் விழுந்தால் தனிய விழமாட்டன்."

கமலராணியின் வீட்டில் வன்னியிலிருந்து வந்த பெறாமகள் ஒருத்தி, தங்கச்சியின் மகள், வாடகைப் பத்திரத்தில் பதிவில்லாமல் மூன்று மாதமாகத் தங்கியிருந்தாள்; தெரிந்தால் வீடே பறிபோகும். அதை வீட்டு நிர்வாகத்துக்கு அழகான பிரெஞ்சில் எழுதி, இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை எட்டரைக்கு மெட்ரோ வாசலில் இருக்கும் மஞ்சள் தபால்பெட்டியில் போட்டாள். அப்பாடா என்றிருந்தது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தா. ஐந்து பெட்டியையும் கிண்டிப் பார்த்தா. மிருணாளினி மெட்ரோ படத்தில் விரல் வைத்து வாசித்தாள். ஸ்டாலின்கிராட் என்ற தரிப்பிடப் பெயரில் மூன்று தரம் தடக்குப்பட்டு, நாலாம் தரம் சொல்லி முடித்து, லா சப்பலுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தா.

"அடுத்த வருசமும் தொடரலாம் என்று எழுதப்போகிறேன்," என்றா கடைசியில்.

சிவரஞ்சினிக்கு நம்ப முடியவில்லை. "அப்ப... அந்தக் கடிதம்?"

"இதுவா? நீங்களே பாருங்கள்."

அது கழித்த பயிற்சித் தாள். மறுபக்கத்தில் கோணல் கோணலான பிரெஞ்சு எழுத்து, வரிக்கு வரி பிழை.

"மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டருக்கு, நான் கீழ்வீட்டில் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருசம். பிரெஞ்சு எழுதத் தெரியாமல் இருந்தேன். இரண்டு வகுப்புக்குப் போனேன், வேகம் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டேன். மேல்வீட்டுத் தாய் படிப்பிப்பது யன்னலால் கேட்கும். பிள்ளை ஒரு சொல்லை மூன்று தரம் சொல்லும். அதற்குள் நான் எழுதிவிடுவேன். இது என் முதல் கடிதம். தயவுசெய்து இந்தப் பள்ளிக்கூடத்தை மூடவேண்டாம்."

சிவரஞ்சினி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மணி பதினொன்று. மஞ்சள் பெட்டியில் ஒன்பது மணிக்கே தபால் எடுத்துவிடுவார்கள்.

தாளின் அடியில், தன் முழுப்பெயரையும் வீட்டிலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தா கமலராணி.

சிவரஞ்சினி காலையில் போட்ட கடிதத்தில் பெயர் இருக்கவில்லை.