மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

அறையில் நான்கு பேர். மேஜையில் தாளும் பேனாவுமாக மகன். ஆபீசில் பதில் கடிதம் எழுதியே பழகியவன். அவனுக்கு எதிரே மகள். ஜன்னல் மூலையில் அப்பா, இடது கையில் மாவுக்கட்டு. வாசற்கதவை ஒட்டிய ஸ்டூலில் அம்மா. கல்யாணமான வருஷத்திலிருந்து அவளுக்கு அந்த இடம்தான். "ஓடுறதுக்குத் தோதா இருக்கும்" என்பாள்.

மகன் டாக்டரின் கடிதத்தை இரண்டாம் முறையாக வாசித்தான். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒன்பது வருஷமாக மூன்று மாதத்துக்கொரு ஹார்மோன் ஊசி. ஆண் சுரப்பை அடக்கி நோயைப் பட்டினி போடுகிற ஊசி. நோய் தலைதூக்கவில்லை, ஆனால் எழுபத்தெட்டு வயதில் எலும்பு தேய்கிறது, இரண்டு வருஷத்தில் மூன்று முறிவு. இனி ஊசியை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனையோடு கண்காணிக்கலாம். வீட்டில் கலந்து பேசிப் பதில் எழுதவும்.

"நிறுத்திடலாம்," என்றான் மகன். "விலா, மணிக்கட்டு, இப்ப முழங்கை. தும்மினாக்கூட ஒடியுது."

"அம்மாவுக்கு ஒடிஞ்சப்ப எந்த டாக்டர் லெட்டர் போட்டார்?" என்றாள் மகள்.

ரயில் பட்டறையில் அப்பாவுக்குச் 'சம்மட்டி' என்று பெயர். அங்கே வைத்த பெயர் வீட்டிலும் பொருந்தியது. காபி ஆறியதற்கு அம்மாவின் தாடை. கதவு திறக்கத் தாமதமானதற்கு இரண்டு முன்பல். ஒருமுறை கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். சுவரில் வழிந்ததைத் துடைத்தது ஏழு வயது மகள். பிறகு நோய் வந்தது, ஊசி வந்தது, கை அடங்கியது.

"நோய்க்குக் குத்தின ஊசி பேய்க்கும் சேர்த்து வேலை செஞ்சுது. அதைப் போய் நிறுத்தணுமாம்," என்றாள் மகள்.

அப்பாவின் முகம் சிவந்து வியர்வை ஊற்றியது. திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதும் ஊசியின் வேலைதான். "கழுத்துப் பட்டனையாவது கழட்டுங்களேன்ப்பா," என்றான் மகன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இருக்கட்டும்."

"நீங்க என்ன சொல்றீங்க? உங்க உடம்பு."

அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "நிறுத்திடச் சொல்லுப்பா. கொஞ்சம் தெம்பு வந்தாப் போதும்."

மகள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "தெம்பு எதுக்கு? மிச்சமிருக்கிற பல்லையும் எடுக்கவா?" மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை வீசினாள். அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் சிதறியது. அப்பா நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டார்.

"நடிப்பைப் பாரு," என்றாள்.

"அறிவிருக்கா உனக்கு? கிழவர் செத்துவெச்சா?" மகன் மேஜையில் குத்தினான். "இந்த வயசுல அந்தச் சுரப்பு திரும்புறதே சந்தேகம்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"சந்தேகம்தானே? அந்தச் சந்தேகத்தோட இந்த வீட்டுல படுக்கப்போறது நீயா, நானா? ரெண்டு பேரும் சாயங்கால பஸ்ல போயிடுவோம்."

மகன் அம்மாவைப் பார்த்தான்.

அம்மா நிதானமாகக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் ரத்தம்; முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குப்பா. ஊசி இருக்கட்டும். எலும்புதானே, நான் பாத்துக்கறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. 'ஊசியைத் தொடரவே குடும்பத்தார் விரும்புகிறோம். அம்மா உடனிருந்து கவனித்துக்கொள்வார்' என்று மகன் எழுதினான். கீழே அம்மாவிடம் கையெழுத்து வாங்கினான். அப்பாவும் வலது கையால் கிறுக்கினார். கிறுக்கிவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தண்ணி வேணுமா?" என்றாள் அம்மா.

அவர் வாயை மூடிக்கொண்டார். மகன் தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டு, ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டி, கட்டை விரலால் இருமுறை அழுத்தித் தேய்த்தான்.

பிள்ளைகள் இருவரும் கிளம்பினார்கள். தெருமுனைத் தபால் பெட்டியில் மகன் உறையைப் போடுவதையும், பஸ் திரும்பி மறைவதையும் அம்மா ஜன்னல் வழியே பார்த்து நின்றாள். பிறகு வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஸ்டூலைத் தூக்கிவந்து அப்பாவின் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்து எதை ஒடிக்கட்டும்?"